எம்.எல்.ஏ.வுக்கு மார்க் போடுவது எப்படி?

அன்புள்ள அண்ணனுக்கு,

தொண்டியில் வலை, கயிறு, இன்ஜின் சாமான் விற்கும் கடை வைத்திருக்கிறேன். என் சின்னம்மா மகன் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் வேலை பார்க்கிறான். போன மாதம் ஊருக்கு வந்தபோது அந்த மாநில சட்டமன்றத்தில் அவன் தொகுதி உறுப்பினர் எத்தனை மசோதா கொண்டுவந்தார், எது எந்தக் கமிட்டியில் நிற்கிறது, யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்று எல்லாவற்றையும் போனிலேயே காட்டினான். எங்களுக்கு ஆசை வந்துவிட்டது. கடையில் கூடும் பையன்கள் சிலர் சேர்ந்து எங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கும் அதேபோல் ஒரு பட்டியல் போட உட்கார்ந்தோம். எவ்வளவு தேடியும் அவர் பெயரில் ஒரு மசோதாகூடக் கிடைக்கவில்லை. நாங்கள் தேடியது சரியில்லையா, இல்லை அவர் ஒன்றுமே செய்யவில்லையா? தேர்தலுக்கு முன்னால் இந்தக் கணக்கைத் தட்டியில் எழுதி பஸ் ஸ்டாண்டில் வைக்கலாம் என்று இருக்கிறோம். எப்படி மார்க் போடலாம் என்று சொல்லுங்கள்.

தொண்டியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

தட்டியை எழுதக் கொடுப்பதற்கு முன்னால் கேட்டீர்களே, சந்தோஷம். நீங்கள் தேடியதில் குறை இல்லை. அமைச்சராக இல்லாத ஓர் உறுப்பினர் பெயரில் நம் சட்டமன்றத்தில் மசோதா இருப்பதே அபூர்வம். உங்கள் எம்.எல்.ஏ. மட்டுமல்ல, 234 பேரில் பெரும்பாலானவர்களுக்கு இதே பூஜ்யம்தான் வரும். அமைச்சராக இருப்பவர் பெயரில் பத்துப் பன்னிரண்டு மசோதா கிடைக்கலாம். ஆனால் அவை அவருடைய துறை தயாரித்து, சட்டத் துறை பார்த்து, அமைச்சரவை ஒப்புக்கொண்டு, அவர் கையால் தாக்கலானவை. அதற்கு அவருக்கு மார்க் போடுவதும் சரியாகாது.

டெக்சாஸ் ஏற்பாடே வேறு. அங்கே ஆளுநரோ துறைத் தலைவர்களோ அவைக்குள் உட்கார்ந்து மசோதா தாக்கல் செய்ய முடியாது. எந்தச் சட்டமும் யாரோ ஓர் உறுப்பினர் பெயரில்தான் உள்ளே போகவேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 140 நாள் கூடுகிற அந்த அவையில் 2023இல் மட்டும் 8,000க்கு மேல் மசோதாக்கள் தாக்கலாயின. தேறியது 1,200 சொச்சம். ஒரே மசோதாவை இரண்டு அவையிலும் தனித்தனியாகப் போடுவார்கள், அது இரண்டாகக் கணக்காகும். ஒரு சாலைக்குப் பெயர் சூட்டும் மசோதாவும் ஒன்றுதான், பள்ளிக்கூடங்களுக்குப் பணம் ஒதுக்கும் மசோதாவும் ஒன்றுதான். ஆக, சின்னம்மா மகனின் போனில் தெரிந்த எண்ணும் தனியாக நின்று எதையும் சொல்லாது. அந்த ஏற்பாட்டில் நாம் பார்த்துப் பொறாமைப்பட வேண்டியது வேறு: யார் எப்படி வாக்களித்தார் என்பது பெயரோடு பதிவாகிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

நம் விதிகளிலும் தனி உறுப்பினர் மசோதா கொண்டுவர இடம் உண்டு. கேரளத்தில் வெள்ளிக்கிழமைகளில் அப்படிப் பல மசோதாக்கள் வருகின்றன. இங்கே அந்தப் பழக்கம் வளரவில்லை. அரசுக் கருவூலத்திலிருந்து செலவு வைக்கும் மசோதா என்றால் அரசியல் சாசனத்தின் 207ஆம் பிரிவுப்படி ஆளுநரின் பரிந்துரை வேண்டும், அது அரசு நினைத்தால்தான் வரும். அவை கலைந்தால் நிலுவையில் இருக்கும் மசோதாவும் காலாவதி. கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985இல் வந்த பிறகு, கட்சிக் கொறடா சொன்னதை மீறி வாக்களித்தால் பதவியே போகலாம். இத்தனையும் தெரிந்த ஓர் உறுப்பினர் மசோதா எழுத உட்காராததில் வியப்பில்லை.

அதற்காக, தனி உறுப்பினர் மசோதா வீண் வேலை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அன்றைய சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இருந்தது மூன்று நாலு ஆண்டுதான். தேவதாசி முறைக்கு எதிராக அவர் 1930இல் கொண்டுவந்த மசோதா அப்போது நிறைவேறவில்லை. காந்தியின் கைதைக் கண்டித்து அதே ஆண்டு பதவியை உதறிவிட்டு வெளியே வந்துவிட்டார். சட்டம் வந்தது 1947இல். நம் காலத்தில், திருநங்கையர், திருநம்பியர் உரிமைக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையில் நிறைவேறவில்லை. ஆனால் 2019இல் ஒன்றிய அரசே தன் சட்டத்தைக் கொண்டுவரவேண்டி வந்தது. அந்தச் சட்டத்தில் பல குறைகள் உண்டென்று திருநர் சமூகத்தினரே போராடினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். உங்கள் தட்டியில் ‘சட்டமானது எத்தனை’ என்று ஒரு கட்டம் போட்டால் இந்த இரண்டு மசோதாக்களுக்கும் முட்டைதான் கிடைக்கும். அப்படிப்பட்ட கட்டம் நமக்கு எதற்கு?

என் யோசனை இதுதான். ஆளை எடுத்துக்கொண்டு மசோதாவை எண்ணாமல், நம் கரையைத் தொடுகிற ஒரு சட்டத்தை எடுத்துக்கொண்டு அதன் ஒவ்வொரு கட்டத்திலும் நம் ஆள் என்ன செய்தார் என்று பாருங்கள். உங்கள் ஊருக்கு அந்தச் சட்டம் எதுவென்று யோசிக்கவே வேண்டாம். 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம்.

விசைப்படகுக்காரர்களும் கட்டுமரக்காரர்களும் கடலிலேயே மோதி உயிர்கள் போன காலத்துக்குப் பிறகு வந்த சட்டம் அது. கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரை சிறு தொழிலுக்கு, அதற்கு அப்பால் விசைப்படகுக்கு என்று அன்றைக்குப் பிரித்தார்கள். வடகடலில், அதாவது நம் பாக் விரிகுடாவில், வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நாலு நாள் நாட்டுப்படகு என்ற முறையும் உண்டு. இது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சோளியக்குடி, தொண்டி, நம்புதாளை பக்கம் நண்டு வலை விடுகிறவர் சாயங்காலம் வலையை இறக்கிவிட்டு வந்து, விடியற்காலையில் போய்ப் பார்த்தால் மிதவை மட்டும் கிடக்கும். விசைப்படகின் இழுவை மடி வந்து அறுத்துக்கொண்டு போயிருக்கும். உங்கள் கடையில் புது வலை வாங்க வந்து கடன் சொல்கிறவர்களில் எத்தனை பேர் இப்படி வலையைப் பறிகொடுத்தவர்கள் என்று உங்கள் கணக்கு நோட்டே சொல்லும். சட்டம் இருக்கிறது. இரண்டு படகு சேர்ந்து இழுக்கும் இரட்டைமடிக்கும் தடை இருக்கிறது. புது விதிகளும் 2020இல் வந்தன. அப்புறம் ஏன் வலை அறுபடுகிறது என்று கேட்க வேண்டிய இடம் சட்டமன்றம், கேட்க வேண்டிய ஆள் நம் எம்.எல்.ஏ.

அவருக்கு இதில் என்னென்ன வழி இருக்கிறது என்று பாருங்கள். கேள்வி நேரத்தில் கேட்கலாம்: இந்தச் சட்டத்தின்கீழ் ராமநாதபுரம் மாவட்டத்தில் மூன்று ஆண்டுகளில் எத்தனை படகுகள் மீது நடவடிக்கை எடுத்தீர்கள், எவ்வளவு அபராதம் வசூலானது, ரோந்துப் படகு எத்தனை ஓடுகிறது? மீன்வளத் துறைக்கு நிதி ஒதுக்கக் கேட்கும் மானியக் கோரிக்கை வரும் நாளில் கொள்கை விளக்கக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம். அந்த நிதியைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். கவன ஈர்ப்பு கொண்டுவரலாம். சட்டத்தின்கீழ் போடும் விதிகளை அவையின் முன் வைத்தாகவேண்டும், அதில் திருத்தம் கேட்கலாம். ‘நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று அமைச்சர் எழுந்து சொன்னால் அதை அரசு உறுதிமொழிக் குழு பின்தொடரும். அந்தக் குழு வரை விஷயத்தைக் கொண்டுபோனாரா? மனுக்கள் குழு மாவட்டத்துக்கு வந்தபோது ஊர்க்காரர்களைக் கூட்டிப்போனாரா? ஆளும் கட்சியோ எதிர்க்கட்சியோ, இந்த வேலைகளில் பெரும்பாலானவற்றுக்குக் கொறடா குறுக்கே நிற்பதில்லை. நான் மார்க் போடுவதென்றால் பாதிக்கு மேல் இங்கேதான் போடுவேன்.

எல்லையையும் மனதில் வையுங்கள். மீன்வளம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், ஆட்சிக்கடலைத் தாண்டிய மீன்பிடிப்பு, ஒன்றியப் பட்டியலில் 57ஆவது இனம். கச்சத்தீவு, எல்லை தாண்டியதாகக் கைது, படகு பறிமுதல் எல்லாம் டெல்லி சம்பந்தப்பட்டவை. கச்சத்தீவை மீட்கக் கோரி 2025 ஏப்ரல் 2 அன்று பேரவையில் ஒருமனதாக நிறைவேறியது தீர்மானம். அது ஒன்றிய அரசை, நாட்டை நோக்கிய ஒரு குரல், அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் அதைச் சட்டக் கணக்கில் சேர்த்து ஒருவருக்கு மார்க் ஏற்றினால் பட்டியல் கெட்டுவிடும். அதேபோல தொகுதி மேம்பாட்டு நிதியையும் தனியாக வையுங்கள். ஆண்டுக்கு மூன்று கோடியில் நிழற்குடை கட்டுவது நல்ல வேலைதான், சட்டமன்ற வேலை வேறு.

புதிதாக வரும் மசோதாவைப் படிக்கப் பழகுங்கள், பயப்படாதீர்கள். தமிழ்நாடு அரசிதழ் சிறப்பு வெளியீட்டில், பகுதி நான்கு, பிரிவு ஒன்றில் வரும். பலரும் முதல் பக்கத்தைப் பார்த்தே மூடிவிடுகிறார்கள். ‘இத்தனாவது பிரிவில் இந்தச் சொற்களுக்குப் பதிலாக இந்தச் சொற்கள் அமையும்’ என்று இருக்கும், தலையும் புரியாது வாலும் புரியாது. கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். நோக்கக் காரண விளக்கவுரை என்று ஒன்று இருக்கும், கீழே அமைச்சர் பெயர் இருக்கும். எதற்காக இந்தத் திருத்தம் என்று சாதாரண வசனத்தில் அங்கேதான் எழுதியிருப்பார்கள். அதைப் படித்துவிட்டு, மூலச் சட்டத்தைப் பக்கத்தில் விரித்து, மாற்றப்படும் வரியைப் பென்சிலால் அடித்து, புது வரியை மேலே எழுதிப் பாருங்கள். விளக்கவுரை சொல்வதும் திருத்தம் செய்வதும் ஒன்றுதானா என்பது அப்போது தெரிந்துவிடும். சில சமயம் ஒன்றாக இருக்காது.

தேதியையும் குறித்துவையுங்கள், எத்தனை நாள் அவகாசம் கொடுத்தார்கள் என்பது பெரிய விஷயம். 2023 ஏப்ரல் 21, கூட்டத்தொடரின் கடைசி நாள். அன்றைக்கு 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்பு செய்தன. வெளியே எதிர்ப்பு வலுத்து, மே 1 அன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அதே ஏப்ரல் 21 அன்று இன்னொன்றும் நிறைவேறியது: சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்பு மசோதா. நூறு ஹெக்டேருக்குக் குறையாத பெரிய திட்டங்களுக்குள் வரும் நீர்நிலைகளைப் பற்றியது. அது சட்டமாகவே ஆகிவிட்டது. ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாய்க்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் நீங்கள். கண்மாயும் ஊருணியும் இல்லாவிட்டால் இந்த மாவட்டமே இல்லை. அன்றைக்கு நம் மாவட்டத்து உறுப்பினர்களில் யாராவது எழுந்து நம் கண்மாய்களின் கதி என்ன என்று கேட்டார்களா? பட்டியலில் நான் முதலில் தேடுவது இந்த வரியைத்தான்.

இங்கேதான் டெக்சாஸைப் பார்த்துப் பொறாமைப்படும் இடம் வருகிறது. நம் அவையில் அநேகமாக எல்லாமே குரல் வாக்கெடுப்பு. ஆம் என்போர் ஆம் என்பார்கள், இல்லை என்போர் இல்லை என்பார்கள், ஆம் என்பவர்களே அதிகம் என்று பேரவைத் தலைவர் அறிவிப்பார், முடிந்தது. யார் எந்தப் பக்கம் குரல் கொடுத்தார் என்று எந்த ஏட்டிலும் இருக்காது. டிவிஷன் கேட்டால்தான் தலைகள் எண்ணப்படும். எனக்கு இது பொறுக்கவில்லை. நம் பெயரில் ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார், அவர் எதற்குச் சம்மதித்தார் என்று நமக்குக் காட்ட ஒரு காகிதம் இல்லை. ஆகவே வாக்கு என்ற கட்டத்தை ஊகத்தால் நிரப்பாதீர்கள், காலியாக விடுங்கள். பேரவை நடவடிக்கைக் குறிப்பில் இருக்கும் பேச்சு, அவர் கொடுத்த திருத்தம், எதிர்ப்பு, வெளிநடப்பு, இவை மட்டும் சான்று. அங்கே கிடைக்காததைப் பேரவைச் செயலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கேள்வி சின்னதாக இருக்கட்டும். ‘இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை இந்தத் தொகுதி உறுப்பினர் கொடுத்த கேள்விகள், கவன ஈர்ப்புகள், அவற்றுக்கு அரசு தந்த பதில்களின் நகல்’ என்றால் போதும். விளக்கம் கேட்டால் பதில் வராது.

அவையில் நிறைவேறியதோடு கட்டத்தை மூடிவிடவும் கூடாது. ஆளுநர் ஒப்புதல், நடைமுறைக்கு வந்த தேதி, விதிகள் வந்த தேதி என்று மூன்று கட்டம் கூடுதலாகப் போடுங்கள். கிடப்பில் கிடந்த பத்து மசோதாக்களுக்காகத் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றம் வரை போய் 2025 ஏப்ரல் 8 அன்று தீர்ப்பு வாங்கவேண்டி வந்தது என்பது நினைவிருக்கும். ஒப்புதல் தாமதமானால் அந்தப் பழி எம்.எல்.ஏ. தலையில் விழக்கூடாது.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வருகை நாள், கேள்வி எண்ணிக்கை இரண்டையும் போட்டுக் கூட்டி ஒரே மார்க்காக எழுதும் ஆசை வரும், அதை விட்டுவிடுங்கள். நூறு கேள்வி கேட்டவர் நூறும் தன் ஊர்ப் பாலத்தையும் பஸ்ஸையும் பற்றிக் கேட்டிருக்கலாம், பத்தே கேள்வி கேட்டவர் அறுபட்ட வலைக்கு நஷ்டஈடு எங்கே என்று மூன்று வருஷம் விடாமல் துரத்தியிருக்கலாம். தட்டியில் எண்ணுக்குப் பதில் வரிகளை எழுதுங்கள். இன்ன சட்டம், இன்ன தேதி, இவர் பேசியது இது, அரசு சொன்ன பதில் இது, கரையில் நடந்தது இது.

எழுதி முடித்ததும் ஒரு நகலை எம்.எல்.ஏ. அலுவலகத்தில் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். பதினைந்து நாள் அவகாசம் கொடுங்கள். அவர் சொல்லும் பதிலுக்குத் தட்டியில் வலது பக்கம் ஒரு பத்தி ஒதுக்குங்கள், வெட்டாமல் அப்படியே போடுங்கள். பதில் வராவிட்டால் கொடுத்த தேதியை மட்டும் அந்த இடத்தில் எழுதி வையுங்கள். தேர்தல் தேதி அறிவித்த பிறகு வைத்தால் நடத்தை விதி, அனுமதி என்று ஆயிரம் சிக்கல் வரும். ஆகவே மீன்பிடித் தடைக்காலம், தேர்தல் எதற்கும் காத்திருக்காமல் இப்போதே முதல் கேள்வியை அனுப்பிவிடுங்கள். நண்டு வலைக்காரர்கள் இரண்டு பேரையும் விசைப்படகுக்காரர் ஒருவரையும் கூட வைத்துக்கொண்டு எழுதுங்கள். அவர்களுக்குள் சண்டை வரும். வரட்டும், கடை மூடும் நேரம்வரை பேசட்டும்.