மாமனாரும் நியூஸ் கார்டும்

கேள்வி: என் மாமனார் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். விடிந்ததும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஏழெட்டு அரசியல் நியூஸ் கார்டு போட்டுவிடுவார். பாதி பொய். போன வாரம் என் மகன், "தாத்தா, இது ஃபேக். படிச்சுப் பார்த்துட்டு அனுப்புங்க" என்று எல்லார் முன்னாலும் எழுதிவிட்டான். மாமா குழுவை விட்டே வெளியேறிவிட்டார். வீட்டிலும் பேச்சில்லை. எப்படிப் புரியவைப்பது?
- ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: முதலில் பேரனை மன்னிப்பு கேட்கச் சொல்லுங்கள். கார்டு பொய்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் காலமெல்லாம் பாடம் நடத்தியவரிடம் "படிச்சுப் பாருங்க" என்று ஊர் பார்க்கச் சொன்னால் யாருக்குத்தான் வலிக்காது?

மாமாவுக்குச் செய்தியை எடைபோடத் தெரியாது என்றும் நினைக்காதீர்கள். முரசொலி திமுக ஏடு, ஜெயலலிதா காலத்து ஜெயா டிவி அதிமுக பக்கம், மக்கள் டிவி பாமக என்பதெல்லாம் அந்தத் தலைமுறைக்கு அத்துப்படி. என் அப்பா டீக்கடையில் இரண்டு கட்சிப் பேப்பரையும் படிப்பார். "இவன் கூட்டத்துக்கு லட்சம் பேருங்கறான், அவன் ஆயிரங்கறான். மைதானம் எவ்வளவு பெருசுன்னு நமக்குத் தெரியாதா?" என்பார். சொல்வது யார் என்று தெரிந்ததால் எவ்வளவு கழிக்கணும் என்பதும் தெரிந்தது. நியூஸ் கார்டில் அந்த வழி அடைபட்டுப்போனது. மேலே இருப்பது தெரிந்த சேனலின் லோகோ, செய்தவன் எவனோ.

சரி, எங்கே தொடங்குவது? அவர் கட்சியைத் தொடாத பொய்யிலிருந்து. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பிகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவியது நினைவிருக்கும். திருப்பூரில் வடமாநிலத்தவர் தங்களுக்குள் போட்ட சண்டையும் கோவையில் உள்ளூர்க்காரர்கள் போட்ட சண்டையும் அதில் சேர்த்தி என்று நம் காவல்துறை விளக்கியது. பிகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்துவிட்டுப் போனது. அங்கே அதை நம்பிப் பயந்தவர்கள் முட்டாள்களா மாமா என்று கேளுங்கள். இல்லை என்பார். பேச்சு அங்கிருந்து போகட்டும்.

அப்புறம் ஒருநாள் ஒரு கார்டைக் காட்டி, "இது அந்தச் சேனலோட ஃபேஸ்புக் பக்கத்துல இருக்கா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க மாமா" என்று போனைக் கையில் கொடுங்கள். அதே தேதியில் வந்த அசல் கார்டுகளைப் பக்கத்தில் வைத்தால் எழுத்துரு மாறியிருப்பது பல சமயம் கண்ணில் படும். ஒற்றுப்பிழையை மட்டும் நம்ப வேண்டாம். இருபது வருடம் செய்திப் பிரிவில் இருந்தவள் சொல்கிறேன், அசலிலும் நிறைய விட்டிருக்கிறோம். இரட்டை அம்புக்குறியோடு வருவது கைமாறிக் கைமாறி வந்தது என்பதையும் காட்டுங்கள். 2020 ஏப்ரலிலிருந்து வாட்ஸ்அப்பே அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டும்தான் அனுப்ப விடுகிறது.

குழுவில் அவரை நீங்களாகத் திரும்பச் சேர்க்காதீர்கள், அவரே கேட்கட்டும். அதுவரை உங்கள் மகன் பார்க்கும் அரசியல் ரீல்ஸையும் தாத்தாவிடம் காட்டச் சொல்லுங்கள். அதில் எத்தனை தேறுகிறது என்று பார்க்க எனக்கே ஆசை. முடிந்தால் எழுதுங்கள்.