பேரிங் மாற்றியும் தூணில் விசை குறையவில்லை என்றால்

நிலநடுக்கத்தைத் தாங்க பாலத்தின் தளத்துக்கும் தூணுக்கும் நடுவே லெட் ரப்பர் பேரிங் (ஈயக் கரு வைத்த ரப்பர் தாங்கி) போட்டும் கணினி மாதிரியில் தூணடி விசை குறையவில்லை என்றால், தளம் இன்னும் எங்கோ தூணோடு பூட்டிக் கிடக்கிறது. பழைய பாலங்களில் பெரும்பாலும் அது தூண் தலையிலுள்ள ஷியர் கீதான், அதாவது தளம் பக்கவாட்டில் நகராமல் தடுக்கும் கட்டை.

அந்தப் பிணைப்பை மாதிரியில் நீக்கிவிட்டு முதல் அலைவு நேரத்தை, அதாவது பாலம் ஒரு முறை ஆடித் திரும்ப எடுக்கும் நேரத்தைப் பாருங்கள். அரை நொடியாக இருந்தது இரண்டு நொடிப் பக்கம் போனால் காரணம் அதுவே.

ஆனால் விசை குறைந்தால் நகர்வு கூடும். கலிபோர்னியாவின் பெனிசியா-மார்டினெஸ் பாலத்தை வலுப்படுத்தியபோது வைத்த, வளைந்த கிண்ணத்தில் வழுக்கி நகரும் ஃபிரிக்‌ஷன் பெண்டுலம் பேரிங்குகள் ஒரு மீட்டருக்கு மேல் நகரக்கூடியவை! உங்கள் எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட்டில் (தளம் நீளவும் சுருங்கவும் விட்ட இணைப்பில்) சில சென்டிமீட்டர் இடைவெளிதான் என்றால், தளம் பாலத்தின் முனையிலுள்ள அபட்மென்ட் சுவரில் போய் இடிக்கும். அந்த இடைவெளியையும் சேர்த்து அகலப்படுத்துங்கள்.

அப்புறம், அடியில் இளகிய களிமண் என்றால் நன்றாக யோசியுங்கள். அங்கே நிலமே மெதுவாக ஆடும், பேரிங்கால் மெதுவாக ஆடும் பாலமும் அதோடு சேர்ந்துகொள்ளும், ஆட்டம் பெருகும்.