பாட்டு வரியே இல்லாத ஆல்பம்: கேட்டதும் சொன்னதும்

ஆஸ்ரிக் டென்டக்கிள்ஸ் என்ற இங்கிலாந்து சைக்கடெலிக் ராக் குழுவின் ‘ஜுராசிக் ஷிஃப்ட்’ ஆல்பத்தைக் கேட்டுப் பாருங்கள் என்று போன வாரம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன், இங்கே தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்தும் வெளியூரிலிருந்தும் ஒரே கேள்வி மழை. 1993-ல் இங்கிலாந்தில் வந்தது. எட்டு உருப்படி. உறுமும் கிட்டார், சின்தசைசர் என்ற மின்னணுக் கீபோர்டு, நடுநடுவே புல்லாங்குழல், பாட்டு வரி கிடையாது. நான் சாட்ஸ்வொர்த்தில் வீட்டு கராஜில் பாஸ் கிட்டார் வாசிக்கிறவன், ஞாயிற்றுக்கிழமை கோவிலில் மிருதங்கம். அந்த அறிவோடு பதில் சொல்கிறேன்.

ஃபீனிக்ஸ் தம்பி: அண்ணா, பாடவே ஆளில்லாத ஆல்பத்தை முழுசாக எப்படிக் கேட்பது?

சாமி புறப்பாட்டில் நாதஸ்வரக்காரர் மல்லாரி வாசிக்கும்போது வரி எங்கே என்று கேட்டாயா? முதல் தடவை அடித்தொனி தரும் பாஸ் கிட்டாரை மட்டும் பிடித்துக்கொண்டே போ, வேறெதுவும் வேண்டாம். அடுத்த தடவை, பின்னால் எறும்புச் சாரை மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும் சின்தசைசர். கிட்டாரைக் கடைசிக்கு வை. எல்லோரும் அதைத்தான் முதலில் பிடிக்கிறார்கள், இரண்டாவது உருப்படியிலேயே களைத்துவிடுகிறார்கள்.

மெரிபேங்க் அக்கா: மகன் இதைப் போட்டுக்கொண்டு அறைக்குள்ளேயே கிடக்கிறான். சைக்கடெலிக் என்றால் போதை சமாச்சாரம்தானே?

1960-களில் அந்தப் பழக்கத்தோடு ஒட்டி வந்த பெயர்தான் அக்கா, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவன் காதில் விழுவது எதிரொலி, இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு நகரும் சத்தம், இழுத்து இழுத்து வளையும் சுரம், அவ்வளவுதான். குழுவின் பெயர்கூட, காலையில் சாப்பிடும் சீரியலுக்குக் கற்பனைப் பெயர் வைத்து விளையாடிக்கொண்டிருந்தபோது கிடைத்தது! ஹெட்போனில் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், எனக்கு அந்தப் பயம்தான் அதிகம்.

சாட்ஸ்வொர்த் தம்பி: எதிரொலிக்கு டிலே பெடல் வாங்கினேன். எதை வாசித்தாலும் கூழாகிறது, ஏன்?

வேகத்தோடு பொருந்தாததால். 60,000-ஐ உன் பாட்டின் வேகத்தால் வகுத்துக்கொள். நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஓர் அடிக்கு 500 மில்லிசெகண்ட். அதில் முக்கால், அதாவது 375, பெடலில் வை. இப்போது அடிக்கு இரண்டு சுரமாகச் சீராக வாசித்தால், எதிரொலி இரண்டு சுரத்துக்கு நடுவில் சரியாக வந்து விழும். ஒரு ஆள் வாசிப்பது இரண்டு ஆள் வாசிப்பது போல இருக்கும். எதிரொலி மூன்று முறைக்கு மேல் திரும்ப வேண்டாம். அப்புறம், கிட்டாரை உறும வைக்கும் டிஸ்டார்ஷன் பெடல் முன்னால், டிலே பின்னால். மாற்றிப் போட்டால் அந்தக் கூழ்தான். ஒரு தடவை ஒத்திகை நடுவில் லோட்ஷெடிங் வந்து கரண்ட் போய், திரும்பி வந்தபோது என் பெடலில் எண் எல்லாம் அழிந்திருந்தது, அரை மணி நேரம் காதை வைத்துத் தேடினேன். அன்றிலிருந்து மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டுகிறேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் தங்கச்சி: மிருதங்கம் கற்கிறேன், ஆனால் இவர்கள் தாளம் கைக்கு வரவில்லை.

நான்காக எண்ணியிருப்பாய். இந்தக் குழுவுக்கு ஏழும் ஐந்தும் பிடிக்கும். ‘தகிட தகதிமி’ என்று ஏழாகத் தொடையில் தட்டிப் பார், மிஸ்ர சாபு உனக்குத் தெரிந்ததுதானே. ஒரு விஷயம் மட்டும் கவனி: நம் கச்சேரியில் பாடகர் கொஞ்சம் இழுத்தால் மிருதங்கம் விட்டுக்கொடுக்கும். இங்கே சீக்வென்சர் என்ற இயந்திரம் ஒரே வேகத்தில் சுரத்தைத் துப்பிக்கொண்டே இருக்கும், டிரம்ஸ்காரர்தான் அதோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். இவர்கள் டிரம்ஸ்காரர் மெர்வ் பெப்ளருக்கு அது கை வந்த கலை. அவரும் சின்தசைசர் வாசித்த ஜோயி ஹின்டனும் ‘ஈட் ஸ்டாட்டிக்’ என்று தனியாக எலக்ட்ரானிக் குழு வைத்திருந்தார்கள், அப்புறம் அதற்காகவே இந்தக் குழுவை விட்டுப் போனார்கள். அதனால்தான் இதில் எலக்ட்ரானிக் சத்தம் மேலே தூவிய கொத்தமல்லி மாதிரி இல்லை, குழம்பிலேயே இருக்கிறது.

லெனேசியா அங்கிள்: அட்டையில் ‘தில்லை’ என்று போட்டிருக்கிறதே, நம்ம தில்லையா?

நானும் மிரண்டுதான் போனேன், அங்கிள். நான்காவது உருப்படி, ‘ஹாஃப் லைட் இன் தில்லை’. தில்லை என்றால் நமக்குச் சிதம்பரம், அந்தச் சதுப்பு நிலத்து மரத்தின் பெயர். தேவாரம் வரும் என்று காத்திருக்காதீர்கள், வராது. ஆனால் அதை வைத்த இடத்தைப் பாருங்கள்: முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டும் பத்து நிமிடத்தைத் தாண்டும் உருப்படிகள். சாயரட்சை நேரத்தில் அதை மட்டும் தனியாகப் போட்டுக் கேளுங்கள்.

டர்பன் தம்பி: இந்த ஊரில் யாராவது இப்படி வாசித்திருக்கிறார்களா?

ஃப்ரீடம்ஸ் சில்ட்ரன்! டர்பன் குழு, 1970-ல் ‘ஆஸ்ட்ரா’ என்ற ஆல்பம். அதில் பாட்டு உண்டு, ஆனாலும் அந்தக் கனமும் மிதப்பும் அப்போதே இருக்கிறது. நிறவெறிச் சட்டக் காலம், நம் தாத்தாமார் வெள்ளைக்காரர்களோடு ஒரே அரங்கில் உட்கார்ந்து கேட்டிருக்க முடியாது. பழைய தட்டு யார் வீட்டு அலமாரியிலாவது கிடந்தால் முதலில் எனக்குச் சொல், விலை பேசலாம்.