நெஞ்சு கரிப்பும் இரவுச் சாப்பாடும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்கள்

இம்மாதம் வந்த கடிதங்களில் பல நெஞ்சு கரிப்பையும் எதுக்களிப்பையும் பற்றியவை. ஏறக்குறைய ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, நான்கு கடிதங்களுக்கு மட்டும் இங்கே விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு வயது 52. ரங்கூனில் சிறிய துணிக்கடை வைத்திருக்கிறேன். இரவு 9 மணிக்குக் கடையை அடைத்து, வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டு, 10 மணிக்குப் படுத்துவிடுவேன். நள்ளிரவில் புளித்த தண்ணீர் தொண்டை வரை எதுக்களித்து வந்து, இருமலோடு எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது. காரம், புளி, தக்காளி, ஙாப்பி (புளிக்கவைத்த மீன் விழுது), மொகிங்கா (மீன் சாறு ஊற்றிய அரிசிச் சேமியா) என்று ஆளுக்கொன்றாகச் சொன்னதையெல்லாம் நிறுத்திவிட்டு, மூன்று மாதமாக இரவில் ரொட்டியும் பாலுமே சாப்பிடுகிறேன். டாக்டர் எழுதிக் கொடுத்த ஒமிப்ரசோல் மாத்திரையையும் படுக்கும்போது போட்டுக்கொள்கிறேன். தொல்லை குறைந்த பாடில்லை. இனி நான் எதைத்தான் சாப்பிடுவது?
வாசகர் ஒருவர், ரங்கூன்

பதில்: ஐயா, நீங்கள் விட்டுவிட்ட உணவுகளின் பெயர்களைப் படித்தபோது வருத்தமாக இருந்தது. மூன்று மாதம் நாக்கைக் கட்டிப்போட்டும் பலன் இல்லாமல் போனதற்குக் காரணம், சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே நீங்கள் விடும் அந்த அரை மணி நேரத்தில் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

உணவுக்குழாய் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ளது. அது இரைப்பையோடு சேரும் இடத்தில், சுருக்குப் பையின் வாயைப் போல ஒரு தசை வளையம் இருக்கிறது. நாம் விழுங்கும்போது திறந்து, உணவு இறங்கியதும் மூடிக்கொள்வது அதன் வேலை. ஆனால் இரைப்பை நிறைந்து உப்பும்போது, விழுங்காத வேளையிலும் அந்த வாய் அவ்வப்போது தளர்ந்து திறந்துவிடும்; அப்போது அமிலம் மேலே ஏறும். இரைப்பையின் உட்சுவருக்கு அமிலத்தைத் தாங்கும் பூச்சு உண்டு, உணவுக்குழாய்க்கு அது கிடையாது. ஆகவேதான் கரிக்கிறது. உட்கார்ந்தோ நின்றோ இருக்கும்போது ஏறிய அமிலம் தானாகவே கீழே இறங்கிவிடும், விழுங்கும் உமிழ்நீரும் அதைக் கழுவிவிடும். படுத்து உறங்கும்போது இந்த இரண்டு காவலும் இல்லை: உடல் கிடையாகக் கிடக்கிறது, உமிழ்நீர் சுரப்பதும் விழுங்குவதும் மிகவும் குறைந்துவிடுகின்றன. எண்ணெய் சேர்ந்த ஒரு முழுச் சாப்பாடு இரைப்பையை விட்டு இறங்க மூன்று நான்கு மணி நேரம் ஆகும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 10 மணிக்குப் படுப்பவருக்கு நள்ளிரவில் ஏன் எதுக்களிக்கிறது என்பது புரியும்.

எனவே முதல் மாற்றம் நேரத்தில்தான். படுப்பதற்குக் குறைந்தது மூன்று மணி நேரத்துக்கு முன்பே இரவுச் சாப்பாட்டை முடித்துவிட வேண்டும். கடையை விட்டு வர முடியாது என்பீர்கள், வர வேண்டாம். மாலை ஆறரை மணிக்கு வீட்டிலிருந்து ஒரு தூக்குப் பாத்திரத்தில் சோறும் குழம்பும் வரட்டும், கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து அவசரப்படாமல் மென்று சாப்பிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் பசித்தால் ஒரு சிறிய வாழைப்பழம் போதும். என்னிடம் வந்த கடைக்காரர்கள் பலருக்கு இதைச் சொல்லியிருக்கிறேன். முதல் வாரம் முணுமுணுத்தாலும், ஒரு மாதம் கடைப்பிடித்தவர்கள் பெரும்பாலும் பழைய வழக்கத்துக்குத் திரும்பவில்லை.

பாலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பால் குடித்தவுடன் எரிச்சல் அடங்குவது உண்மைதான். ஆனால் அதிலுள்ள புரதமும் சுண்ணாம்புச் சத்தும் சற்று நேரத்தில் இரைப்பையை மேலும் அமிலம் சுரக்கத் தூண்டுகின்றன, அதிலுள்ள கொழுப்போ இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. படுக்கப்போகும் நேரத்தில் ஒரு டம்ளர் கெட்டிப் பால் உங்களுக்கு மருந்தாகாது.

மாத்திரையிலும் நேரம்தான் பிசகியிருக்கிறது. ஒமிப்ரசோல், உணவைக் கண்டு விழித்துக்கொள்ளும் அமிலச் சுரப்பிகளின் மீது வேலை செய்வது. ஆகவே அதைச் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் எடுத்துக்கொள்ள வேண்டும். சாப்பிட்டு முடித்துப் படுக்கும்போது எடுத்தால் பாதிப் பலன் வீணாகும். காலை உணவுக்கு முன்பா, மாலை உணவுக்கு முன்பா என்பதை எழுதிக் கொடுத்த டாக்டரிடமே கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். அளவை நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

படுக்கையைச் சரிசெய்வது எளிது. கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டின் அடியிலும் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு செங்கல் வைத்து, 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். தலையணைகளை அடுக்கினால் போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். அப்படிச் செய்தால் கழுத்தும் இடுப்பும் மட்டும் வளைந்து வயிறு மடங்கும், அதனால் அழுத்தம் கூடும். தரையில் பாய் விரித்துப் படுப்பவர்கள் தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரை தாங்கும்படியான சரிவான மெத்தைத் துண்டு ஒன்றைத் தைத்துக்கொள்ளலாம். இடப்பக்கமாகச் சரிந்து படுப்பது நல்லது. அந்த நிலையில் உணவுக்குழாய் சேரும் இடம் அமிலத்துக்கு மேலே இருக்கும். இன்னொன்று, லுங்கி. சாப்பிட்டு எழுந்தவுடன் அவிழ்ந்துவிடக் கூடாதென்று முடிச்சை இறுக்கிச் செருகிக்கொள்வது நம் எல்லோருக்கும் பழக்கம். நிறைந்த வயிற்றைச் சுற்றி அப்படி இறுக்கினால் உள்ளே இருப்பது மேலேதான் போகும். சாப்பாட்டுக்குப் பின் இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்த்திக் கட்டுங்கள்.

உங்கள் எடையைக் கடிதத்தில் குறிப்பிடவில்லை. வயிற்றில் சதை போட்டிருந்தால், அதைக் குறைப்பதைப் போல நெஞ்சு கரிப்பைத் தணிக்கும் பழக்கம் வேறில்லை. அமெரிக்காவில் 10,000க்கும் மேற்பட்ட செவிலியரிடம் நடத்தப்பட்டு 2006ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், எடை கூடக் கூட இத்தொல்லையும் கூடுவதும், நன்றாக எடை குறைத்தவர்களிடம் அது வெகுவாகக் குறைவதும் தெரியவந்தன.

இனி எதைச் சாப்பிடுவது என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். சோற்றுக்குத் திரும்புங்கள். பர்மியர் வைக்கும் சுரைக்காய் ஹின்ஜோ என்னும் தெளிந்த சாறு, பீர்க்கங்காய்க் கூட்டு, பாசிப்பருப்பு, அவித்த அல்லது குறைந்த எண்ணெயில் வேகவைத்த மீன் ஆகியவை மாலைச் சாப்பாட்டுக்கு ஏற்றவை. இங்கே குழம்பு வைக்கும் முறையில் எண்ணெய் பிரிந்து மேலே ஒரு விரல் உயரம் நிற்க வேண்டும் என்பார்கள். அந்த எண்ணெயை வடித்துவிட்டுக் கீழே உள்ளதை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். விட்டுவிட்ட மற்றவற்றை மதிய வேளையில், வாரத்துக்கு ஒன்றாகத் திரும்பச் சேர்த்துப் பாருங்கள். எது கெடுதல் செய்கிறது என்பது அப்போது உங்களுக்கே தெரியும்.

கேள்வி: எனக்கு வயது 44, பள்ளி ஆசிரியை. காலையில் தெருவில் வரும் அம்மாளிடம் மொகிங்கா, மாலையில் லப்பெத் தொக் என்னும் தேயிலைக் கலவை, இடையில் நான்கைந்து கோப்பை தேநீர் என்பது பல வருட வழக்கம். வெள்ளிக்கிழமை விரதமும் உண்டு. ஓராண்டாக நெஞ்சு கரிக்கிறது. எங்கள் ஊர்ச் சாப்பாட்டில் எது ஆகும், எது ஆகாது என்று ஒரு பட்டியல் தர வேண்டுகிறேன்.
வாசகி ஒருவர், மோல்மேன்

பதில்: அம்மா, பட்டியல் தருவதற்கு எனக்குத் தயக்கம் இருக்கிறது. ஒருவருக்கு ஆகாதது மற்றவருக்கு எந்தத் தொல்லையும் தருவதில்லை. பட்டியலை நம்பி எல்லாவற்றையும் நிறுத்தியவர்கள் மேலே எழுதிய ரங்கூன் வாசகரைப் போல இளைத்துச் சலித்துப் போகிறார்கள். நீங்கள் ஆசிரியை என்பதால் ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். இரண்டு வாரம் ஒரு நோட்டுப் புத்தகத்தில், சாப்பிட்டது என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு, கரித்தது எத்தனை மணிக்கு, அப்போது உட்கார்ந்திருந்தீர்களா, குனிந்து வேலை செய்தீர்களா, படுத்திருந்தீர்களா என்று எழுதி வாருங்கள். இரண்டு வாரத்தில் குற்றவாளிகள் இரண்டோ மூன்றோ தாமாகவே வெளிப்படும். அவற்றை மட்டும் நிறுத்தினால் போதும்.

மொகிங்காவை நான் ஒட்டுமொத்தமாகக் குற்றம் சொல்ல மாட்டேன். மீன், இஞ்சி, எலுமிச்சம்புல், வாழைத்தண்டு, கடலைமாவு சேர்ந்து கொதித்த அந்தச் சாறும் அரிசிச் சேமியாவும் பெரும்பாலோருடைய வயிற்றுக்கு இதமானவைதான். கிண்ணம் உங்கள் கைக்கு வருவதற்கு முன் கடைசியாக நடப்பதைக் கவனியுங்கள். வறுத்த மிளகாய்த்தூள் ஒரு கரண்டி, பிழிந்த எலுமிச்சை அரை மூடி, மேலே நொறுக்கிப் போடும் பேஜோ என்னும் பொரித்த பருப்புத் தட்டையும் சுரைக்காய் வடையும். தொல்லை பெரும்பாலும் அந்த மூன்றில் இருக்கும். அந்த அம்மாளிடம் முன்கூட்டியே சொல்லி, மிளகாயும் எலுமிச்சையும் இல்லாமல், பொரித்தது ஒரு துண்டு மட்டும் போட்டு ஒரு வாரம் சாப்பிட்டுப் பாருங்கள்.

லப்பெத் தொக் விஷயத்தில் நான் அவ்வளவு தாராளமாக இருக்க முடியாது. ஊறவைத்த தேயிலை, பச்சைப் பூண்டு, பச்சை மிளகாய், தக்காளி, எலுமிச்சை, எண்ணெயில் பொரித்த பயறுகள் என்று, நெஞ்சு கரிப்பவர்கள் சொல்லும் புகார்ப் பொருள்கள் எல்லாம் ஒரே தட்டில் சேர்ந்திருக்கின்றன. போதாக்குறைக்கு அந்தத் தேயிலை தூக்கத்தையும் கெடுக்கும். விடவே முடியாதென்றால், மதிய உணவோடு இரண்டு கரண்டி என்று நிறுத்திக்கொள்ளுங்கள். தேங்காய்ப்பாலில் செய்யும் ஓனோ கௌஸ்வே என்னும் நூடுல்ஸும் கொழுப்பு மிகுந்தது என்பதால் அதையும் பகலிலேயே வைத்துக்கொள்ளலாம்.

புளியும், இங்கே சின்பாங் என்று நாம் வாங்கும் புளிச்சக்கீரையும் புண்ணான உணவுக்குழாயில் படும்போது சுரீர் என்று எரிக்கும். சில வாரங்களில் புண் ஆறிய பின் அளவாகச் சாப்பிட்டால் பலருக்கு ஒத்துக்கொள்கிறது. ரசத்தையும் அதுபோலவே, புளியைப் பாதியாக்கிப் பருப்புத் தண்ணீர் கூட்டி வைத்துப் பார்க்கலாம். புதினா வாய்க்குக் குளிர்ச்சியாக இருந்தாலும் அந்தத் தசை வளையத்தைத் தளர்த்தும் என்பதால், கரிப்புக்கு மருந்து என்று அதை மெல்ல வேண்டாம்.

தேநீரை இரண்டு கோப்பையாகக் குறையுங்கள், வெறும் வயிற்றில் வேண்டாம், ஆற்றிக் குடியுங்கள். 65 டிகிரி செல்சியசுக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக் கூடியவையாக இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் அறிவித்தது.

விரதத்தைக் கைவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நாள் முழுவதும் பட்டினி இருந்து, இரவு கோயிலிலிருந்து வந்து வடை பாயசத்தோடு வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே படுப்பதுதான் கெடுக்கிறது. மாலை விளக்கேற்றியதும் அளவாகச் சாப்பிட்டு விரதத்தை முடித்துக்கொள்ளுங்கள். பாயசம் மறுநாள் காலைக்கு இருக்கட்டும்.

கேள்வி: வயது 63. இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறேன். நெஞ்சு கரிக்கும்போதெல்லாம் ஆப்பச் சோடாவைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தால் உடனே ஏப்பம் வந்து அடங்குகிறது. தினமும் குடிக்கலாமா?
வாசகர் ஒருவர், தட்டோன்

பதில்: தினமும் கூடாது. ஆப்பச் சோடா அமிலத்தோடு சேர்ந்து வாயுவை உண்டாக்குகிறது; அந்த வாயு இரைப்பையை உப்பச் செய்து வளையத்தை மீண்டும் திறக்கும். அதைவிட முக்கியம், அதிலுள்ள சோடியம் உங்கள் இரத்த அழுத்தத்துக்குப் பகை. பாட்டிலில் விற்கும் வாயு நிறைந்த குளிர்பானங்களுக்கும் முதலில் சொன்னது பொருந்தும். அம்லோடிபின் போன்ற மாத்திரைகள் சிலருக்கு எதுக்களிப்பைக் கூட்டுவதும் உண்டு. அதற்காக அதை நிறுத்திவிடாதீர்கள், அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது இந்தத் தொல்லையைச் சொல்லுங்கள்.

கேள்வி: என் தகப்பனாருக்கு வயது 66. நாற்பது வருடமாகப் புகையிலையோடு வெற்றிலை போடுகிறார். நெஞ்சு கரிப்பு பல வருடமாக இருந்தது. இப்போது கரிப்பு குறைந்துவிட்டது, ஆனால் சோறு நெஞ்சில் நிற்கிறது என்கிறார். இரண்டு மாதமாகக் கஞ்சி மட்டும்தான் இறங்குகிறது, உடம்பும் இளைத்துவிட்டது. வாயு என்று எண்ணி ஓமத் தண்ணீர் கொடுக்கிறோம். வேறு என்ன உணவு கொடுக்கலாம்?
வாசகர் ஒருவர், பகோ

பதில்: தம்பி, உங்கள் தகப்பனாருக்கு இப்போது உணவு ஆலோசனை போதாது. கெட்டியான உணவு நெஞ்சில் நிற்பதும், முயற்சி இல்லாமலே எடை குறைவதும் உணவுக்குழாய் சுருங்கியிருக்கலாம் அல்லது அங்கே கட்டி இருக்கலாம் என்பதற்கான எச்சரிக்கைகள். கரிப்பு குறைந்ததை நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொள்ள முடியாது. புகையிலை அந்தத் தசை வளையத்தைத் தளர்த்துவதோடு, வெற்றிலை பாக்கும் புகையிலையும் வாய்க்கும் உணவுக்குழாய்க்கும் புற்றுநோயைக் கொண்டுவரக் கூடியவை. புகையிலை இல்லாத வெற்றிலை பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதியாகியிருக்கிறது.

இந்த வாரமே அவரை உள்நோக்குக் குழாய்ப் பரிசோதனை, அதாவது எண்டோஸ்கோப்பி, செய்யும் வசதியுள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பகோவில் நாள் கிடைக்கத் தாமதமானால் ரங்கூனுக்கே கொண்டு போங்கள். டாக்டரிடம் “வாயுத் தொல்லை” என்று தொடங்காமல், சோறு இறங்கவில்லை, இரண்டு மாதமாகக் கஞ்சிதான், இவ்வளவு எடை குறைந்திருக்கிறது என்று முதலிலேயே சொல்லுங்கள். இரத்த வாந்தி எடுத்தாலோ, மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, நெஞ்சு வலி கைக்கோ தாடைக்கோ பரவி வியர்த்தாலோ நாள் பார்க்காமல் அந்த நேரமே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். இது எல்லா வாசகர்களுக்கும் பொருந்தும்.

பரிசோதனை முடியும் வரை, குழைய வடித்த சோற்றோடு பருப்பை மசித்துக் கரைத்தது, முட்டையை நன்றாக அடித்து ஆவியில் வேகவைத்தது, மீனை முள் நீக்கி மசித்துச் சேர்த்த கஞ்சி ஆகியவற்றை நிமிர்ந்து உட்கார வைத்து, ஒரு நாளைக்கு ஆறு வேளையாகச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். வெறும் கஞ்சித் தண்ணீரில் சத்து இல்லை. வெற்றிலைப் பெட்டியை அவரிடமிருந்து பிடுங்காமல், அவரிடமே பேசி, அவர் கையாலேயே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பரிசோதனை முடிவு கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள். அதற்கேற்ற உணவு முறையை அடுத்த இதழிலேயே தருகிறேன்.