இரண்டு லென்ஸ், ஒரு அட்டைப்பெட்டி: முப்பரிமாணப் படம் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: முப்பரிமாணப் படம் பார்க்கும் பெட்டியை வீட்டிலேயே செய்ய ஆசை. சாதாரண பூதக்கண்ணாடி போதுமா? அளவுகள் என்ன?

போதும். ஆனால் ஒரே மாதிரி இரண்டு வேண்டும். சற்றே விலகிய இரு இடங்களிலிருந்து எடுத்த இடது, வலது படங்களை ஒரே பிரிண்ட்டில் பக்கம் பக்கமாக வைத்து, ஒவ்வொரு கண்ணும் தன் படத்தை மட்டும் பார்க்கச் செய்வதுதான் இந்தப் பெட்டியின் வேலை. குவியத் தூரம் 10 செ.மீ. (கண்ணாடிக் கடைக் கணக்கில் +10 பவர்), விட்டம் 35 முதல் 45 மி.மீ. வரை இருந்தால் கையாள எளிது. பிடியில் போட்டிருக்கும் ‘2 மடங்கு, 3 மடங்கு’ எண்ணை நம்ப வேண்டாம். ஆளுக்கொரு கணக்கில் போடுகிறார்கள். நீங்களே அளந்துவிடுங்கள். ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் அருகே லென்ஸைப் பிடித்தால், வெளியே தூரத்தில் உள்ள மரமோ கட்டடமோ சுவரில் தலைகீழாக விழும். அது கூர்மையாகும் இடத்தில் லென்ஸுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளிதான் குவியத் தூரம். இரண்டு லென்ஸுக்கும் 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த ஜோடி வேண்டாம். ஒரு கண்ணுக்குப் படம் பெரிதாகவும் மறு கண்ணுக்குச் சிறிதாகவும் தெரியும்.

முன்பலகைக்கு 15 செ.மீ. அகலம், 9 செ.மீ. உயரத்தில் கெட்டி அட்டை எடுங்கள். அதில் இரண்டு துளைகள். மையத்துக்கு மையம் 63 மி.மீ., பெரியவர்களின் கண்மணிகளுக்கு இடையே உள்ள சராசரி தூரம் அதுதான். துளையின் விட்டம் லென்ஸைவிட 3 மி.மீ. குறைவாக இருந்தால், லென்ஸைப் பின்பக்கம் வைத்து விளிம்பில் மட்டும் பசை தடவி ஒட்டலாம். இரு துளைகளுக்கும் நடுவே கீழ்ப்பகுதியில் மூக்குக்காக முக்கோணமாக வெட்டுங்கள். இதை மறந்தால் கண் லென்ஸுக்கு அருகே வராது. படத்தின் ஓரங்கள் மறைந்துவிடும்.

அடிப்பலகை 15 செ.மீ. நீளம். பலகைகளின் நடுவே, லென்ஸிலிருந்து படம் வரை ஒரு தடுப்பு அட்டை. அதன் இரு பக்கமும் பளபளப்பில்லாத கறுப்பு நிறம் பூசுங்கள். பிரிண்ட்டை நிறுத்தும் தாங்கியை மட்டும் ஒட்டிவிடாதீர்கள். லென்ஸிலிருந்து 8 செ.மீ. முதல் 13 செ.மீ. வரை முன்னும் பின்னும் நகர வேண்டும்; தடுப்பு நுழைய அதன் நடுவில் ஒரு பிளவு விடுங்கள். மேற்பக்கத்தைத் திறந்தே விடுங்கள், படத்துக்கு வெளிச்சம் அங்கிருந்துதான் வரும்.

வெயில் படும் இடத்தில் பெட்டியை வைக்கக் கூடாது. லென்ஸ் அட்டையைக் கருக்கிவிடும்.

கேள்வி: பெட்டி தயார். ஆனால் இரண்டு படமும் தனித்தனியாகவே தெரிகின்றன. சிரமப்பட்டுச் சேர்த்தால் தலைவலி வருகிறது.

லென்ஸைக் குறை சொல்வதற்கு முன் ஸ்கேலை எடுங்கள். பெரும்பாலும் கோளாறு பிரிண்ட்டில்தான் இருக்கும்.

நம் கண்கள் மூக்கை நோக்கி எளிதாகத் திரும்பும், வெளிப்பக்கமாக விரியாது. அதனால் இரண்டு படத்திலும் உள்ள மிகத் தொலைவான ஒரு புள்ளியை, மலையுச்சி அல்லது கோபுர நுனி என்று வைத்துக்கொள்ளுங்கள், தேர்ந்தெடுத்து அவற்றுக்கு இடையே அளக்கவும். லென்ஸ் மையங்கள் 63 மி.மீ. என்றால் இது 62 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. 70 மி.மீ. வந்தால் எவ்வளவு முயன்றாலும் படம் சேராது. ஒவ்வொரு படத்தின் அகலத்தையும் 60 முதல் 62 மி.மீ.க்குள் வைத்து, நடுவில் இடைவெளியே விடாமல் அச்சிடுவது பாதுகாப்பு. தூரப் புள்ளிக்கும் அருகிலுள்ள பொருளுக்கும் இந்த அளவில் 2 மி.மீ. வித்தியாசம் இருந்தாலே ஆழம் நன்றாக வந்துவிடும், 4 மி.மீ. ஆனால் கண் திணறும்.

தலைவலிக்குக் காரணம் பெரும்பாலும் உயர வேறுபாடு. ஒரு கண்ணை மேலேயும் ஒரு கண்ணைக் கீழேயும் திருப்ப நம்மால் கிட்டத்தட்ட முடியாது. ஒரே ஜன்னல் மூலை இரண்டு படத்திலும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று ஸ்கேலை வைத்துப் பாருங்கள். 1 மி.மீ. ஏறியிருந்தாலும் உறுத்தும். ஒரு லென்ஸ் 1 மி.மீ. கீழே இறங்கி ஒட்டியிருந்தாலும் விளைவு அதேதான்.

இவை எல்லாம் சரியென்றால் காகிதத்தைப் பாருங்கள். பளபளப்பான பிரிண்ட்டில் விளக்கொளி இரு கண்ணுக்கும் வெவ்வேறு இடத்தில் மின்னும். மேட் பிரிண்ட் வாங்குங்கள். லென்ஸ் படத்தைச் சுமார் இரண்டரை மடங்கு பெரிதாக்குவதால், அங்குலத்துக்கு 300 புள்ளிக்குக் கீழே அச்சிட்டால் புள்ளிகள்தான் தெரியும்.

கேள்வி: அருகில் உள்ளவை உள்ளே போய், தூரத்தில் உள்ளவை முன்னே வருகின்றன!

இடது, வலது படங்கள் மாறிவிட்டன. பெட்டியில் பார்க்காமலே இதைக் கண்டுபிடிக்கலாம். அருகிலுள்ள ஒரு பொருளுக்கு இரண்டு படங்களுக்கும் இடையே உள்ள தூரம், தொலைவிலுள்ள பொருளுக்கு உள்ளதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் படங்களை வெட்டி இடம் மாற்றுங்கள். பிரிண்ட்டைத் தலைகீழாகத் திருப்புவது பயன்படாது, படமும் தலைகீழாகிவிடும்.

கேள்வி: ஒரே மொபைலில் இரண்டு படமும் எடுக்க முடியுமா? எவ்வளவு நகர்த்த வேண்டும்?

எடுக்கலாம், அசையாத பொருளாக இருந்தால். மிக அருகில் உள்ள பொருளின் தூரத்தில் முப்பதில் ஒரு பங்கு நகர்த்துங்கள். 2 மீட்டரில் ஆள் நின்றால் 6.5 செ.மீ.; 60 செ.மீ.யில் பூச்செடி என்றால் 2 செ.மீ. போதும். எல்லாவற்றுக்கும் கண் இடைவெளியையே வைத்து, பூவை அருகிலிருந்து எடுத்துவிட்டு, சேரவில்லை என்று வருந்துபவர்கள் அதிகம்.

நின்று எடுப்பதானால் கால்களை அகட்டி, உடல் எடையை இடது காலில் போட்டு ஒன்று, வலது காலுக்கு மாற்றி ஒன்று. மொபைலைப் பொருளை நோக்கித் திருப்பாமல், இணையாகவே நகர்த்துங்கள். திருப்பினால் ஓரங்களில் உயர வேறுபாடு வந்துவிடும். மேஜையில் என்றால் கனமான புத்தகத்தின் விளிம்பை ஒட்டி நகர்த்துவது இன்னும் துல்லியம். ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிடுங்கள். காற்றில் ஆடும் இலை, ஓடும் தண்ணீர், துறுதுறு குழந்தை ஆகியவற்றுக்கு இந்த முறை ஒத்துவராது. இரண்டு கேமராவை ஒரே நொடியில் அழுத்த வேண்டும்.

கேள்வி: நான் மைனஸ் 2 பவர் கண்ணாடி அணிபவர். கழற்ற வேண்டுமா?

கழற்றலாம். லென்ஸ் பவர் 10, உங்கள் பவர் 2, கூட்டினால் 12. 100ஐ 12ஆல் வகுத்தால் 8.3. தாங்கியை 8.3 செ.மீ.க்குக் கொண்டுவாருங்கள். தூரப்பார்வைக்காரர் பிளஸ் 2 என்றால் கழித்து 8, அவருக்கு 12.5 செ.மீ. தாங்கியை நகரும்படி விடச் சொன்னது இதற்காகத்தான். சிலிண்டர் பவர் (ஒரு திசையில் மட்டும் வரும் மங்கலைச் சரிசெய்யும் பவர்) இருப்பவர்களும், இரு கண்ணுக்கும் பவர் மிகவும் வேறுபடுபவர்களும் கண்ணாடியோடே பார்ப்பது நல்லது.

கேள்வி: 7 அங்குல நீளமுள்ள, இடது, வலது படங்கள் ஒட்டிய பழைய ஸ்டீரியோ அட்டைகள் கிடைத்தன. இந்தப் பெட்டியில் பார்க்க முடியுமா?

இப்படியே முடியாது. அந்த அட்டைகளில் படங்களின் இடைவெளி 75 மி.மீ.க்கு மேல் இருக்கும். வேறொரு முன்பலகை வெட்டி, லென்ஸ் மையங்களையும் அதே இடைவெளிக்குத் தள்ளிவிடுங்கள். அப்போது கண் லென்ஸின் உட்பாதி வழியாகப் பார்க்கும். அந்தப் பகுதி பட்டகம்போல ஒளியை வளைத்துக் கொடுக்கும். 1838இல் ஆங்கிலேய விஞ்ஞானி சார்லஸ் வீட்ஸ்டன் ஸ்டீரியோஸ்கோப்பை (முப்பரிமாணப் படம் பார்க்கும் கருவியை) அறிவித்தபோது லென்ஸ் அல்ல, முகம் பார்க்கும் கண்ணாடி இரண்டைத்தான் பயன்படுத்தினார். லென்ஸ் வைத்த கையடக்கப் பெட்டி ஸ்காட்லாந்து விஞ்ஞானி டேவிட் புரூஸ்டர் 1849இல் கொடுத்தது. இந்தப் பாதி லென்ஸ் உத்தியும் அவருடைய பெட்டியில் இருந்ததுதான்.

கேள்வி: சிவப்பு-நீலக் கண்ணாடி இதைவிடச் சுலபமில்லையா?

செய்யச் சுலபம், பார்க்கச் சுமார். இடது கண்ணுக்குச் சிவப்பு, வலது கண்ணுக்குப் பச்சை கலந்த நீலம். இடது படத்தின் சிவப்புப் பகுதியையும் வலது படத்தின் பச்சை, நீலப் பகுதிகளையும் படத் திருத்தச் செயலியில் ஒன்றாக்க வேண்டும். ஒரு கண்ணை மூடினால் அந்த மூடிய கண்ணுக்கான படம் மறைய வேண்டும்; செலோஃபேன் ஒற்றைத் தாளில் அது மறையாமல் நிழல் தட்டும், இரட்டையாக மடித்துப் பாருங்கள். சிவப்புப் பூ ஒரு கண்ணுக்கு வெளிச்சமாகவும் மறு கண்ணுக்குக் கறுப்பாகவும் தெரிந்து மினுமினுக்கும். முதலில் இரண்டையும் கறுப்பு-வெள்ளையாக்கிவிட்டு இணைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: வீட்டில் எல்லோருக்கும் தெரிகிறது, ஒருவருக்கு மட்டும் தட்டையாகவே இருக்கிறது.

குழந்தைப் பருவத்திலிருந்தே ஒரு கண் மங்கலாகவோ மாறுகண்ணாகவோ இருந்தால் மூளை இரு படங்களைச் சேர்க்கப் பழகியிருக்காது. எந்தப் பெட்டியும் உதவாது. குழந்தைக்கு இப்படி என்றால் கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: பிரிண்ட்டுக்குப் பதில் மொபைல் திரையை வைக்கலாமா?

தாராளமாக. படுக்கை வாட்டில் 13 செ.மீ. அகலமுள்ள திரையில் 62 மி.மீ. படங்கள் இரண்டும் அடங்கும். திரையின் மேலேயே ஸ்கேலை வைத்து அளந்து பெரிதாக்குங்கள். தடுப்பு அட்டை திரையைத் தொட வேண்டும், இல்லையென்றால் பக்கத்துப் படத்தின் வெளிச்சம் கசியும்.