உன்னதப்பாட்டும் ஆத்தும விழிப்பும்: கேள்வி பதில்

வேதாகமத்தின் உன்னதப்பாட்டைப் பற்றிப் பல ஊர்க்காரர் கேட்ட கேள்விகளும் பதில்களும் இவை. 5:2 என்றால் ஐந்தாம் அதிகாரம், இரண்டாம் வசனம்.

மார்த்தாண்டம் சகோதரி: ஐயா, உன்னதப்பாட்டு கல்யாணப் பாட்டுதானே? ஆத்தும விழிப்பு இதில் எங்கே?

கல்யாணப் பாட்டாக வாசித்தாலும் தப்பில்லை. விழிப்பு 5:2-8இல் இருக்கிறது. "நான் நித்திரைபண்ணினேன், என் இதயமோ விழித்திருந்தது" என்கிறாள் மணவாட்டி. அவள் காதலிக்கும் நேசர் கதவைத் தட்டுகிறார். உடையைக் கழற்றிவிட்டேன், காலைக் கழுவிவிட்டேன் என்று சாக்குச் சொல்கிறாள். திறக்கும்போது அவர் போய்விட்டார். தட்டும் சத்தம் கேட்டதை விழிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். தேடித் தெருவில் இறங்கினாளே, அதுதான் விழிப்பு.

எட்டு அதிகாரத்தையும் ஒரே இருப்பில் வாசியுங்கள், 117 வசனம்தான். பேசுவது அவளா, அவரா, எருசலேமின் குமாரத்திகளா என்று பென்சிலால் ஓரத்தில் குறியுங்கள். பிறகு 2:16, 6:3, 7:10 மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். முதலில் "என் நேசர் என்னுடையவர்" முன்னே நிற்கிறது. அடுத்ததில் "நான் என் நேசருடையவள்" முன்னே வருகிறது. கடைசியில் "என்னுடையவர்" என்ற உரிமைப் பேச்சே இல்லை. முதலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் கிடப்பது அந்த ஐந்தாம் அதிகார இழப்பு.

குளச்சல்: 2:1இல் "நான் சாரோனின் ரோஜாவும், பள்ளத்தாக்குகளின் லீலிபுஷ்பமுமாயிருக்கிறேன்" என்கிறது இயேசுதானே?

பழைய உரைகாரர் பலர் அப்படித்தான் எடுத்தார்கள். ஆனால் 2:2இல் அவர் அவளையே லீலிபுஷ்பம் என்கிறார். ஆகவே 2:1இல் பேசுவது அவள்.

கருங்கல்: மணவாட்டியின் இரண்டு ஸ்தனங்களும் பழைய, புதிய ஏற்பாடுகள் என்று கன்வென்ஷன் கூட்டத்தில் கேட்டேன்.

பழைய விளக்கம்தான். ஆனாலும் பொருளுக்குப் பொருள் அர்த்தம் ஒட்டாதீர்கள். ஒட்டத் தொடங்கினால் பாட்டின் ஓட்டம் அறுந்துபோகும், மாதுளம்பழத்துக்கும் ஆட்டுமந்தைக்கும் அர்த்தம் தேடுவதிலேயே நேரம் போகும்.

திருவட்டாறு: 5:7இல் அடிக்கிற காவலாளர் சபை ஊழியர்தானே? அப்படியானால் விழித்தவன் சபையை விட்டு வெளியேற வேண்டாமா?

இரணியல்: இல்லை அண்ணே, அந்த அடி தேவனுடைய சிட்சை.

இரண்டு பேருமே 3:3ஐ விட்டுவிட்டீர்கள். அங்கேயும் காவலாளர் வருகிறார்கள், அடிக்கவில்லை. அவர்களைக் கடந்ததும் நேசரைக் காண்கிறாள். இரண்டாம் முறை அடியும் படுகிறாள், போர்வையும் பறிபோகிறது. 4ஆம் நூற்றாண்டில் சபைப் பிதா நிசாவின் கிரகோரி, போர்வை போனதை மறைப்பு விலகியதாகவே வாசித்தார். இரணியல்காரர் அவர் பக்கம் சாயலாம். ஆனால் வீட்டில் அடிபடும் பெண்ணிடம் இந்த வசனத்தைக் காட்டிப் பொறுத்துக்கொள் என்று சொல்வது பாவம்.

திருவட்டாறு: வெளியேறுவது?

1:8ஐப் பாருங்கள், "மந்தையின் காலடிகளைத் தொடர்ந்துபோய்." 6:1இல் குமாரத்திகளும் கூடத் தேட வருகிறார்கள். தனியே போ என்று பாட்டு எங்கும் சொல்லவில்லை.

தக்கலை: ஆழ்வார் தம்மைப் பெண்ணாகவும் பெருமாளைக் காதலராகவும் பாவித்துப் பாடும் நாயகி பாவமும் இதுவும் ஒன்றா?

நெருக்கம் உண்டு. நம்ம திருவட்டாற்றையும் திருப்பதிசாரத்தையும் பாடிய நம்மாழ்வார் பராங்குச நாயகியாகிறார். ஆனால் அவர் பாடிய திருவாய்மொழியில் மகள், தாய், தோழி பேசுகிறார்கள்; பெருமாள் பேசுவதில்லை. இங்கே நேசரும் நிறையப் பேசுகிறார். ஒன்றை மற்றதன் நகலாக்க வேண்டாம்.

நாகர்கோவில்: லீலிபுஷ்பம் யார்?

குளச்சல்காரருக்குச் சொன்னதுதான். 2:1, 2:2 சேர்த்து வாசியுங்கள்.

குலசேகரம்: முழு இரவு உபவாசத்தில் இந்த அனுபவம் கிடைக்குமா?

2:7, 3:5, 8:4. "எழுப்பாமலும் விழிக்கப்பண்ணாமலும்" என்று மூன்று முறை தடை. உபவாசம் இருங்கள், அனுபவத்தை வலிந்து எழுப்பாதீர்கள்.

மயிலாடி: மகள் கல்யாணத்துக்கு எந்த வசனம் வைக்கலாம்?

8:6-7. ஆராதனை முறையைப் போதகரிடம் கேளுங்கள்.