சிகரெட்டை விட்டாச்சு, இருமல் மட்டும் ஏன் கூடுது?

சிகரெட்டை நிறுத்திப் பத்து நாள் ஆகிறது. முன்பைவிட இருமலும் சளியும் அதிகம். விட்டது தப்போ?

தப்பே இல்லை. மூச்சுக்குழாயின் உட்சுவரில் நுண்ணிய மயிரிழைகள் உண்டு. சளியையும் தூசியையும் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பதுதான் அவற்றின் வேலை. புகை அவற்றை முடக்கிப் போட்டிருந்தது. இப்போது அவை மறுபடி அசைந்து, தேங்கிக் கிடந்ததை வெளியேற்றுகின்றன. நிறையத் தண்ணீர் குடியுங்கள். இருமலை அடக்கும் சிரப்பை நீங்களாக வாங்கிக் குடித்தால், வெளியே வரவேண்டியது உள்ளேயே தங்கிவிடும். சளியில் ரத்தம் தெரிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, இருமல் குறையாமல் 3 வாரம் நீடித்தாலோ மருத்துவரைப் பாருங்கள்.

வயது 58. முப்பத்தைந்து வருடப் பழக்கம். இனிமேல் விட்டு என்ன லாபம்?

பிரிட்டிஷ் மருத்துவர்களை 1951 முதல் 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று இதற்கு நேரடியாகவே பதில் சொல்கிறது. தொடர்ந்து புகைத்தவர்களைவிட, 60 வயதில் விட்டவர்களுக்குச் சுமார் 3 ஆண்டு ஆயுள் கூடியது. 50-ல் விட்டவர்களுக்கு 6, 40-ல் 9, 30-ல் 10.

லாபம் எல்லாம் ஒரே வேகத்தில் வராது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும் வாயு. அதுவே 4-5 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்து, ஓரிரு நாளில் ஏறக்குறைய காணாமல் போகும். மாரடைப்பு அபாயம் ஓரிரு ஆண்டுகளில் வேகமாக இறங்கும். நுரையீரல் புற்றுநோய் அபாயம் பாதியாக 10 ஆண்டு வேண்டும். நுரையீரலின் காற்றறைகள் ஏற்கெனவே சிதைந்திருந்தால் அவை திரும்பாது. ஆனால் சிதைவின் வேகம் குறையும். மாடி ஏறும்போது இரைப்பவருக்கு அதுவே பெரிய விஷயம்.

இருபதிலிருந்து இரண்டாகக் குறைத்துவிட்டேன். போதாதா?

நுரையீரலுக்கு ஓரளவு பலன் உண்டு. இதயத்திடம் அந்தக் கணக்கு எடுபடாது. தினம் ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும், 20 பிடிப்பவருக்கு இருக்கும் கூடுதல் இதயநோய் அபாயத்தில் கிட்டத்தட்ட பாதி இருக்கிறது. போதாததற்கு, குறைத்தவர்கள் மிஞ்சியதை ஆழமாக இழுத்து நிக்கோட்டினை ஈடுகட்டிவிடுவார்கள். 'லைட்' வகையும் அப்படித்தான்: ஃபில்டரில் உள்ள காற்றுத் துளைகளை விரலும் உதடும் மூடிவிடும்.

நிக்கோட்டின் சூயிங்கம் மென்றால் விக்கல், நெஞ்செரிச்சல். ஆசையும் அடங்கவில்லை.

சாதாரண சூயிங்கம் போல விடாமல் மெல்கிறீர்கள் போலிருக்கிறது. கன்னத்தின் உட்தோல் வழியாகத்தான் நிக்கோட்டின் ரத்தத்தில் ஏற வேண்டும். எச்சிலோடு விழுங்கினால் பெரும்பகுதி கல்லீரலிலேயே சிதைந்துபோகும். வயிற்றுக்கு எரிச்சல்தான் மிச்சம்.

மெதுவாக மெல்லுங்கள். மிளகைக் கடித்தது போல நாக்கில் சுரீர் என்றதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் காரம் அடங்கும். மறுபடி நாலு மெல்லு, பிறகு மறுபக்கக் கன்னம். இப்படி ஒரு கம் அரை மணி நேரம் ஓடும். 15 நிமிடம் முன்பிருந்தே காபி, பழச்சாறு, குளிர்பானம் வேண்டாம். வாயில் அமிலத்தன்மை கூடினால் நிக்கோட்டின் சரியாக உறிஞ்சப்படாது.

காலையில் கண்விழித்து அரை மணிக்குள் பற்றவைத்தவர் என்றால் 4 மி.கி., இல்லையென்றால் 2 மி.கி. முதல் 6 வாரம் 1-2 மணி நேரத்துக்கு ஒன்று, அடுத்த 3 வாரம் 2-4 மணி நேரத்துக்கு ஒன்று, கடைசி 3 வாரம் 4-8 மணி நேரத்துக்கு ஒன்று. நாளுக்கு 24-ஐத் தாண்டக் கூடாது. ஆனால் தாண்டுபவர்கள் அபூர்வம். நாளுக்கு மூன்றோ நாலோ போட்டுவிட்டு, "இது வேலை செய்யவில்லை" என்று இரண்டாம் வாரமே தூக்கிப் போடுபவர்கள்தான் அதிகம். ஆசை தலைக்கேறும் வரை காத்திருக்கவும் வேண்டாம். புகை நொடிகளில் மூளையை எட்டும், கம்முக்குப் பல நிமிடம் பிடிக்கும். அப்படியும் போதவில்லை என்றால், தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பேட்சும் கம்மும் சேர்த்து உபயோகிப்பது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஒன்றைவிட இரண்டும் சேர்ந்தால் பலன் கூடுதல்.

வழக்கமான காபிதான் குடிக்கிறேன். இப்போது படபடப்பு, தூக்கமின்மை.

பலர் இதை நிக்கோட்டின் ஏக்கம் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அதுவும் ஒரு காரணம்தான்: முதல் 3 நாள் உச்சம், 2-4 வாரத்தில் தணியும். இன்னொரு காரணம் கல்லீரலில் இருக்கிறது. புகையின் தார், காஃபினைச் சிதைக்கும் ஒரு நொதியை முடுக்கிவிட்டிருந்தது. புகை நின்றதும் நொதி பழைய அளவுக்கு இறங்க, அதே காபி ரத்தத்தில் இரு மடங்கு காஃபினாக நிற்கும். காபியைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். நிக்கோட்டின் அல்ல, புகைதான் இதற்குக் காரணம். எனவே பேட்ச் ஒட்டியிருந்தாலும் இது நடக்கும்.

ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின், மனநல மருந்துகளான குளோசபின், ஓலன்சபின் சாப்பிடுபவர்கள் விடுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அதே நொதிதான் அவற்றையும் சிதைக்கிறது. அளவைக் குறைக்காவிட்டால் மருந்து ரத்தத்தில் ஏறிவிடும்.

எடை கூடுமா?

பெரும்பாலும் கூடும். முதல் ஆண்டில் சராசரியாக 4-5 கிலோ. நிக்கோட்டின் பசியை அடக்கி, கலோரியையும் சற்று அதிகமாக எரித்துக்கொண்டிருந்தது. அந்தக் கிலோக்கள் இதயத்துக்குக் கிடைத்த லாபத்தை அழிப்பதில்லை. முதல் மாதமே கடும் டயட்டையும் சேர்த்து இழுத்துக்கொள்ளாதீர்கள். பசியும் ஏக்கமும் ஒன்றாகத் தாக்கும்.

பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். முன்பு இல்லை.

ஈறு நோய் முன்பே இருந்திருக்கும். நிக்கோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி அதை மறைத்துவைத்திருந்தது. ரத்த ஓட்டம் திரும்பியதும் வெளியே தெரிகிறது. பல் மருத்துவரிடம் ஸ்கேலிங் (பல்லில் படிந்த காரையை எடுப்பது) செய்துகொள்ளுங்கள். முதல் வாரங்களில் சிறு வாய்ப்புண்களும் வரலாம், தானே ஆறும். 2 வாரமாகியும் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ இருந்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். நாக்கின் அடிப்பக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.